இரண்டு எண்பது

வண்ணார்பேட்டை பைபாஸ் ஷோரூமில்
காபி கொடுத்த பையன்
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான்:
"மேடம், எட்டரை லட்சம் வரைக்கும் நீங்க எலிஜிபிள்."
ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது நிஜம்.
பத்தாம் வகுப்பில்கூட
எனக்கு யாரும் இவ்வளவு போட்டதில்லை.

மாதம் பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஏழு வருஷம்.
பியூலா காலேஜ் சேருகிற ஜூனில்
கடைசித் தவணை கட்டிக்கொண்டிருப்போம்.
அருமைநாயகம் அதற்குள்
சிவப்பு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்
கன்னியாகுமரி போய்த் திரும்பியிருந்தார்.

ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும்
சபைக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்
கோடு போட்டேன்.
சொசைட்டியில் பதினாலு வருஷம்
ஊரார் கடனுக்கு வட்டி போட்ட கை.
சொந்தக் கணக்கென்றால் மட்டும் பேனா திக்குகிறது.

தன் வருமானத்தை முப்பது என்றார்.
"போன மாசம் எவ்வளவு வந்துச்சு?"
"இருபத்தாறு."
"அதுக்கு முந்தின மாசம்?"
மின்விசிறியைப் பார்த்தார்.
வாட்டர் பியூரிபயர் சர்வீசுக்குச்
சித்திரையில் வரிசையாகக் கூப்பிடுகிற ஜனம்
மார்கழியில் வருகிற தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது.
இருபத்திநாலு என்று எழுதினேன்.

வாடகை. பள்ளிக்கூடம், வேன். பால்.
அடகிலிருக்கும் அட்டியல், அதற்கு வட்டி மட்டும்.
காணிக்கைக் கவர் ஆயிரம்.
"பத்துல ஒண்ணுல்லா போடணும்" என்றார்.
"நாம போடுறது ஐம்பத்தஞ்சுல ஒண்ணு.
ஆண்டவருக்கே தவணையிலதான் கட்டுதோம்."
அப்புறம் கல்யாணங்கள்: சாயர்புரம், நாசரேத், டோனாவூர்.
இவருக்குச் சொந்தம் இல்லாத ஊர்
இந்தச் சீமையில் கிடையாது.
எல்லா ஊருக்கும் ஒரு கவர் உண்டு.

எட்டாயிரத்து ஐம்பதில் வந்து நின்றது.
"அவ்வளவும் தவணைக்குப் போடு" என்றார்.
வண்டி காற்றிலா ஓடும்?
பெட்ரோல் இரண்டாயிரத்து ஐநூறு.
இன்சூரன்ஸ், டயர், பேட்டரி,
தெரு மாட்டின் கொம்பு இழுக்கப்போகும் கோடு,
எல்லாம் பன்னிரண்டால் வகுத்து
ஆயிரத்து எழுநூற்றைம்பது.
மிச்சம் மூவாயிரத்து எண்ணூறு.
அந்தத் தவணைக்குக் கடன் ஒன்றே முக்கால் லட்சம் தேறும்.
சீட்டு எடுத்த பணம் ஒன்று ஐந்து.

இரண்டு எண்பது.
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

"அப்போ பேங்க்காரன் என்ன கிறுக்கனா?"
கிறுக்கன் இல்லை.
எவ்வளவு தூக்குவோம் என்று பார்த்திருக்கிறான்.
தூக்கிக்கொண்டு எப்படி நடப்போம் என்று கேட்கிற கட்டம்
அவன் விண்ணப்பத்தில் இல்லை.

"சரி, மழைய எங்க எழுதுவ?" என்றார்.
ஐப்பசியில் ஸ்கூட்டர் மேல் நாலு பேர், ஒரு ரெயின்கோட்.
முருகன்குறிச்சி சிக்னலில்
அதற்குள்ளிருந்து ஜெபின் குரல் மட்டும்,
"பச்சை விழுந்துட்டா?"
தாளில் இடம் இருந்தது.
எழுதவில்லை.

சனிக்கிழமை, பேட்டையில் பழைய வண்டி யார்டு.
பதிமூன்றாம் வருஷத்து வெள்ளி நிறம்.
பின்கண்ணாடியில் யாரோ சாமி பெயரைச் சுரண்டியிருக்க
'துணை' மட்டும் மிச்சம்.
சேர்மவேல் மூன்று ஐந்து என்றார்.
நான் இரண்டு எண்பது.
மூன்று.
நான் இரண்டு எண்பது.
"சரிக்கா, ஒங்களுக்காக ரெண்டு எண்பத்தெட்டு.
இதுக்கு மேல என் வயித்துல அடிக்காதீங்க."

அருமைநாயகம் என்னைப் பார்த்தார்.
நான் மடித்த தாளைப் பார்த்தேன்.
எட்டாயிரம் என்பது
ஜூன் மாதத்துப் புத்தகம், யூனிபார்ம், இரண்டு ஜோடி ஷூ.

பின் சீட்டில் ஏற்கெனவே பியூலா.
கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள்.
சுற்றி ஏற்றினாள்.
இறக்கினாள்.
ஏற்றினாள்.
மூன்றாம் தடவை பாதியில் நின்றுவிட்டது.

"இங்க வாங்கண்ணே" என்றேன் சேர்மவேலிடம்.
"கண்ணாடி ஏறலை பாருங்க.
இதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?"